ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி: 12,34,56,789-ஐ வைத்து ஒரு செய்முறை

ஒன்பது இலக்க எண் ஒன்றைக் கையில் கொடுத்து "இதைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல முடியும்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கால்குலேட்டரை எடுத்து 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுக்கத் தொடங்குவார்கள். தப்பில்லை. ஆனால் நாற்பது ஐம்பது வகுத்தலுக்கு அப்புறம் கை ஓய்ந்துவிடும், எதை விட்டோம் எதைச் செய்தோம் என்பதும் மறந்துவிடும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்த இடத்தில் வழியை மாற்றுவது என்று தெரிந்துவிட்டால் ஒரு நோட்டும் பேனாவும் சாதாரண கால்குலேட்டரும் போதும், அரை மணி நேரத்தில் அந்த எண்ணின் ஜாதகமே கையில் வந்துவிடும்.

இதை வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். 12,34,56,789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. விரல் போகிற போக்கில் எல்லோரும் எப்போதாவது தட்டியிருக்கிற எண்தான், ஆனால் அதன் காரணிகள் என்ன என்று கேட்டால் அனேகமாக யாருக்கும் தெரியாது. நீங்களும் கூடவே எழுதிப் பார்த்துக்கொண்டு வாருங்கள், படித்துவிட்டு மட்டும் போனால் பாதிதான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. எட்டு இலக்கம் மட்டுமே காட்டும் பழைய கால்குலேட்டர் இதற்கு ஆகாது. பத்து இலக்கமாவது தெரிய வேண்டும். மொபைலில் இருப்பது போதும்.

முதல் படி: வகுப்பதற்கு முன்னால் பாருங்கள்

கடைசி இலக்கம் 9. ஆகவே ஒற்றைப்படை, 2-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்து, எண் எவ்வளவு பெரியது என்பதை அதன் வர்க்கமூலத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள். 11111-ஐ வர்க்கப்படுத்தினால் 12,34,54,321 வருகிறது. நம் எண் அதைவிட 2468 மட்டுமே அதிகம். 11112-இன் வர்க்கம் 12,34,76,544, அது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக இது வர்க்க எண் இல்லை, வர்க்கமூலம் 11111-க்கு ஒரு மயிரிழை மேலே இருக்கிறது. இந்த 11111 என்ற எண்ணைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும். ஏனென்றால் ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், அந்த இரண்டில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாமல் இருந்தே ஆகவேண்டும். இரண்டுமே தாண்டினால் பெருக்கல் எண்ணையே தாண்டிவிடும் அல்லவா? அதனால் 11111 வரை தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அது பகா எண்தான்.

வர்க்க எண்ணா என்று பார்க்க வர்க்கமூலம் எடுக்காமலே ஒரு வழி உண்டு. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1 வரும். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 789, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5. முடிந்தது, வர்க்கம் இல்லை. 8-ஆல் வகுக்கும்போது கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தால் போதும், ஏனென்றால் 1000 என்பதே 8-ஆல் வகுபடும்.

இரண்டாம் படி: இலக்கக் கூட்டல்

1+2+3+4+5+6+7+8+9 = 45. அது 9-ஆல் வகுபடுகிறது, ஆகவே எண்ணும் 9-ஆல் வகுபடும். இந்த விதி பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் ஏன் என்று பலருக்குச் சொல்லப்படுவதில்லை. 10 என்பது 9+1. 100 என்பது 99+1. 1000 என்பது 999+1. ஆக ஒவ்வோர் இலக்கமும் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் 9-ஆல் வகுக்கும்போது தன்னுடைய முகமதிப்பை மட்டுமே விட்டுச் செல்கிறது. இடமதிப்பு காணாமல் போய்விடுகிறது.

இதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. இடமதிப்பு முக்கியமில்லை என்றால், இந்த ஒன்பது இலக்கங்களையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டல் 45-தான், 9-ஆல் வகுபட்டே தீரும். 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வருகிற ஒன்பது இலக்க எண்கள் மொத்தம் 3,62,880 இருக்கின்றன. அத்தனை லட்சம் எண்களில் ஒன்றுகூடப் பகா எண் கிடையாது. ஒரே ஒரு கூட்டல் கணக்கு மூன்றரை லட்சம் எண்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. எண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாதிரி இடங்கள்தான்.

சரி, 9-ஆல் வகுத்துவிடுவோம். 12,34,56,789 ÷ 9 = 1,37,17,421.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் ஒரு தவறு செய்வார்கள்: ஒருமுறை வகுத்ததும் 3-ஐ மறந்துவிட்டு அடுத்த பகா எண்ணுக்குப் போய்விடுவார்கள். போகக்கூடாது. கிடைத்த ஈவை மறுபடி சோதிக்க வேண்டும். 1+3+7+1+7+4+2+1 = 26. இது 3-ஆல் வகுபடவில்லை. இப்போதுதான் 3-இன் கணக்கு முடிந்தது, அதன் அடுக்கு சரியாக 2. அடுக்கு தப்பினால் பின்னால் வருகிற எல்லாக் கணக்கும் தப்பாகும்.

மூன்றாம் படி: 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில்

7 × 11 × 13 = 1001. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு, அதனால் எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாக வெட்டி, கூட்டல் கழித்தல் கூட்டல் என்று மாற்றி மாற்றிப் போட்டால், 7, 11, 13 மூன்றுக்குமான மீதி கெடாமல் ஒரு சின்ன எண் கிடைக்கும். நாம் காற்புள்ளி போடுவது கோடி, லட்சம் என்று இரண்டிரண்டாக, அதை அப்படியே வைத்துச் செய்யக்கூடாது. காற்புள்ளியை எடுத்துவிட்டு 123 | 456 | 789 என்று புதிதாக வெட்ட வேண்டும்.

789 − 456 + 123 = 456.

456-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் மீதி 5. 13-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றாலும் வகுபடாது. 9-ஆல் வகுத்த பிறகு கிடைத்த 1,37,17,421-க்கும் இதே பதில்தான், ஏனென்றால் 9-க்கும் 7, 11, 13-க்கும் சம்பந்தமில்லை.

17, 19, 23 எல்லாம்? கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அவற்றுக்கும் விதிகள் உண்டு, ஆனால் விதியை நினைவுபடுத்திக்கொள்ளும் நேரத்தில் வகுத்தே முடித்துவிடலாம். எதுவும் வகுபடாது. 50-க்குள் இருக்கிற எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்த்தாலும் கிடைக்காது.

நான்காம் படி: இப்போது நிறுத்துங்கள்

இந்த இடம்தான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1,37,17,421-இன் வர்க்கமூலம் 3703.7 சொச்சம். அதுவரை இருக்கிற பகா எண்கள் 500-க்கும் மேல். வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் பொறுமை இருந்தால் முடியும், ஆனால் 1640-களிலேயே பியேர் டி ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதமேதை இதற்கு வேறொரு வழி காட்டியிருக்கிறார். அவர் எண்ணைக் கீழிருந்து தேடவில்லை, வர்க்கமூலத்திலிருந்து தொடங்கினார்.

யோசனை இதுதான். ஒரு ஒற்றைப்படை எண் இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால், அந்த இரண்டு காரணிகளுக்கும் நட்டநடுவில் ஒரு முழு எண் இருக்கும். நடுவிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கும். 7-உம் 13-உம் என்றால் நடு 10, தூரம் 3. அப்போது 7 × 13 = (10 − 3)(10 + 3) = 10² − 3². அதாவது காரணி தேடுவது என்பது, எண்ணை "ஒரு வர்க்கம் கழித்தல் இன்னொரு வர்க்கம்" என்று எழுதுவதுதான். காரணிகள் இரண்டும் வேறுவேறு என்றால் நடு எண் எப்போதும் வர்க்கமூலத்துக்கு மேலேதான் இருக்கும். ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

செய்து பார்ப்போம்.

3704² = 1,37,19,616. இதிலிருந்து 1,37,17,421-ஐக் கழித்தால் 2195. வர்க்கமா? 5-இல் முடிகிற வர்க்கம் எல்லாமே 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது. இல்லை.

3705² = 1,37,27,025. கழித்தால் 9604. இது 98-இன் வர்க்கம்!

இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. நடு 3705, தூரம் 98. ஆக காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. கீழிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு வந்திருந்தால் 3607-ஐத் தொடுவதற்கு முன் 500 பகா எண்களைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும். முதல்முறை இதை நோட்டில் போட்டுப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை, இரண்டு தடவை பெருக்கிச் சரிபார்த்தேன்.

உண்மையில் 3704-ஐப் பார்த்திருக்கவே வேண்டாம். இரட்டைப்படை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. நம் 1,37,17,421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 (கடைசி இரண்டு இலக்கமான 21-ஐப் பார்த்தால் போதும்). பெரிய வர்க்கத்திலிருந்து சிறியதைக் கழித்து மீதி 1 வரவேண்டும் என்றால் பெரியது ஒற்றைப்படையாகவும் சிறியது இரட்டைப்படையாகவும்தான் இருக்க முடியும். எனவே 3704 தள்ளுபடி, 3705-தான் முதல் முயற்சி. பாதி வேலை இப்படியே குறைகிறது.

9-ஐ வெளியே எடுக்காமல் முழு எண்ணிலேயே இதைச் செய்தாலும் வேலை செய்யும். 11112, 11113, 11114 மூன்றுக்கும் மிஞ்சுவது முறையே 19755, 41980, 64207. முதலாவது 55-இல் முடிகிறது, இரண்டாவது ஒற்றைப் பூஜ்யத்தில் முடிகிறது, மூன்றாவது 7-இல் முடிகிறது. எதுவும் வர்க்கமாக முடியாது, வர்க்கமூலக் குறியைத் தொடவே தேவையில்லை. வர்க்கங்களின் கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 மட்டுமே, பூஜ்யத்தில் முடிந்தால் இரட்டைப் பூஜ்யம், ஐந்தில் முடிந்தால் 25. இந்த ஒரு வரி எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகிறது பாருங்கள். நான்காவதாக 11115² = 12,35,43,225, மிஞ்சுவது 86,436, அது 294². காரணிகள் 10821, 11409. இரண்டுமே 3-ஆல் வகுபடும், வகுத்தால் மறுபடி 3607, 3803.

ஃபெர்மாவே கையாண்ட உதாரணம் 2,02,76,51,281. வர்க்கமூலத்துக்கு அடுத்த 45030-இல் தொடங்கி, பன்னிரண்டாவது முயற்சியில் 45041² − 1020² என்று விழுகிறது. காரணிகள் 44021, 46061.

ஆனால் இந்த முறையை மட்டும் நம்பிவிடாதீர்கள். காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் இது வேகம். இதற்கு நேர்மாறான எண் ஒன்று உண்டு: 4,29,49,67,297. இது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது. இதைப் பகா எண் என்று ஃபெர்மா நினைத்தார். 1732-இல் ஆய்லர் என்ற கணிதமேதை இது 641 × 67,00,417 என்று காட்டினார். ஒன்று மிகச் சிறியது, இன்னொன்று மிகப் பெரியது. ஃபெர்மாவின் வர்க்க முறையில் போயிருந்தால் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள் தேவை. வரிசையாக வகுத்தாலோ 641 என்பது 116-ஆவது பகா எண், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆய்லர் அதையும் குறைத்தார். இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்குடன் 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று முதலில் நிரூபித்துக்கொண்டு அந்த எண்களை மட்டும் பார்த்தார். 641 = 64 × 10 + 1.

அதனால் நான் செய்வது இப்படி: 50 வரையில் பகா எண்களால் வகுத்துப் பார்ப்பேன், அப்புறம் வர்க்கமூலத்திலிருந்து பத்துப் பதினைந்து ஃபெர்மா முயற்சி, எதுவும் சிக்காவிட்டால் திரும்ப வந்து 50-க்கு மேல் வகுத்தல். இரண்டு பக்கத்திலிருந்தும் சுரங்கம் தோண்டுகிற மாதிரி.

ஐந்தாம் படி: முடிந்ததா என்று உறுதி செய்யுங்கள்

3607 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 60 சொச்சம், எனவே 59 வரையிலான 17 பகா எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும். 3803-க்கு 61 வரை, 18 பகா எண்கள். நீங்களே செய்யுங்கள், எதிலும் மீதி பூஜ்யம் வராது. இரண்டுமே பகா எண்கள்.

பெருக்கல் சரிதானா என்று வேகமாகப் பார்க்க இலக்கக் கூட்டலையே பயன்படுத்தலாம். 3607-க்கு 16, அதையும் கூட்டினால் 1 + 6, அதாவது 7. 3803-க்கு 14, அதாவது 5. 7 × 5 = 35, அதாவது 8. 1,37,17,421-க்கு 26, அதாவது 8. பொருந்துகிறது. இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் இந்தச் சோதனை பிடிக்காது, அதனால் கடைசியில் ஒருமுறை முழுசாகப் பெருக்கிவிடுங்கள்.

ஆக,

12,34,56,789 = 3² × 3607 × 3803.

ஆறாம் படி: அறுவடை

இதுவரை பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வரிக்காக. இது கிடைத்த பிறகு மற்ற குணங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிட வேலைதான்.

காரணிகளின் எண்ணிக்கை: ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 3 × 2 × 2 = 12. அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 1,37,17,421, 4,11,52,263, கடைசியாக எண்ணே. ஏன் ஒன்று கூட்டுகிறோம் என்றால், ஒரு காரணியை உருவாக்கும்போது 3-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இரண்டுமுறை எடுக்கலாம், மூன்று வாய்ப்பு.

யோசித்துப் பாருங்கள், 60-க்கும் காரணிகள் 12-தான். 60 = 2² × 3 × 5. ஒரு பகா எண் இரண்டுமுறை, மற்ற இரண்டும் ஒவ்வொருமுறை. பன்னிரண்டு கோடியைத் தாண்டிய எண்ணுக்கும் அறுபதுக்கும் ஒரே எலும்புக்கூடு. காரணிகளின் எண்ணிக்கை எண் எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்பதில்லை, அடுக்குகளை மட்டுமே பார்க்கிறது. இதற்கு எதிர்முனையில், நம் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே 12,25,22,400 இருக்கிறது: 2⁵ × 3² × 5² × 7 × 11 × 13 × 17. அதற்கு 864 காரணிகள், அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படிப்பட்ட எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார்.

காரணிகளின் கூட்டல்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 5,49,66,027. இது எண்ணைவிடக் குறைவு, ஆகவே 12,34,56,789 ஒரு குறைவெண். ஒற்றைப்படை எண்களில் இது சகஜம், இப்படிக் கழித்த பிறகும் கூட்டல் எண்ணைத் தாண்டுகிற மிகச்சிறிய ஒற்றைப்படை எண்ணே 945-தான். கூட்டல் எண்ணுக்கே சமமாகிற ஒற்றைப்படை எண், அதாவது ஒற்றைப்படை நிறைவெண், இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் யாராலும் முடியவில்லை.

பொதுக் காரணி இல்லாத எண்கள்: 1 முதல் நம் எண் வரை, நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லரின் சார்பு இதைச் சொல்லும். 3² இருப்பதால் 9 − 3 = 6, மற்ற இரண்டுக்கும் ஒன்று குறைத்து 3606, 3802. 6 × 3606 × 3802 = 8,22,60,072. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. 3-இன் மடங்குகள் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன, 3607-உம் 3803-உம் பெரிய எண்களாக இருப்பதால் அவற்றால் ஒன்றும் பெரிதாகக் குறைவதில்லை.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எத்தனை விதமாக எழுதலாம்? 12 காரணிகள், ஆறு ஜோடி, ஆறு விதம். 11115² − 294² என்பதை ஏற்கெனவே பார்த்தோம். இன்னொரு முனையில் 1 × 12,34,56,789 என்ற ஜோடியிலிருந்து 6,17,28,395² − 6,17,28,394² வருகிறது. மற்ற நான்கையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக? இங்கே ஒரு பொறி இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற பகா எண் எதுவானாலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது புகழ்பெற்ற தேற்றம். 12,34,56,789-ஐ 4-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். உடனே "ஆகா, முடியும்" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தேற்றம் பகா எண்ணுக்கு மட்டும். பகு எண்ணுக்கு விதி வேறு: 4-ஆல் வகுத்து மீதி 3 வருகிற ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படைத் தடவைகள்தான் வந்திருக்க வேண்டும். 3 இரண்டுமுறை வருகிறது, பரவாயில்லை. 3607-க்கு மீதி 3, ஒரே முறை. 3803-க்கும் மீதி 3, ஒரே முறை. இரண்டு 3-கள் பெருக்கும்போது 9 ஆகி மீதி 1 போல வேஷம் போட்டிருக்கின்றன. ஆகவே முடியாது. காரணிகளைப் பார்க்காமல் எண்ணின் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏழாம் படி: இலக்கங்களின் விளையாட்டு

காரணிகளோடு சம்பந்தப்படாத, பத்தடிமான முறையில் எழுதுவதால் மட்டும் வருகிற குணங்களும் உண்டு. இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு அடிமானத்தில் எழுதினால் இவை இருக்காது.

8-ஆல் பெருக்கி 9 கூட்டினால் 98,76,54,321. 9-ஆல் பெருக்கி 10 கூட்டினால் பத்து ஒன்றுகள், 1,11,11,11,111. 2-ஆல் பெருக்கினால் 24,69,13,578, அதே ஒன்பது இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 4, 5, 7, 8-ஆல் பெருக்கினாலும் அப்படியே. 3-ஆல் பெருக்கினால் மட்டும் 37,03,70,367 என்று கலைந்துவிடும், 6-க்கும் அதே கதி. கடைசியில் 1 சேர்த்து 1,23,45,67,891 என்று எழுதினால் அது பகா எண்.

முதல் வரியிலிருந்து இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 12,34,56,789-க்கும் 98,76,54,321-க்கும் மீப்பெரு பொதுக் காரணி என்ன? யூக்ளிடின் முறையில் பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஈவு 8, மீதி 9. அந்த 9 சிறியதை மீதியின்றி வகுக்கிறது. விடை 9. இவ்வளவு பெரிய எண்களுக்கு இரண்டே வகுத்தல்.

இரும முறையில் எழுதுவதற்கு 2-ஆல் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். 111010110111100110100010101. மொத்தம் 27 இலக்கம், அதில் 16 ஒன்றுகள். 2-இன் 26-ஆம் அடுக்கு 6,71,08,864, 27-ஆம் அடுக்கு 13,42,17,728. நம் எண் இரண்டுக்கும் இடையில் இருப்பதால் 27 இலக்கம் வந்தே ஆகவேண்டும், எண்ணிக்கை மாறினால் எங்கோ ஒரு மீதியைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கையால் எதுவரை போகலாம்?

பத்து இலக்கம் வரை தாராளமாக. பன்னிரண்டு பதினைந்து இலக்கம் என்றால் அதிர்ஷ்டம் வேண்டும், அதற்கு மேல் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு விடுங்கள். "இது பகு எண்" என்று சொல்வது வேறு, அதன் காரணிகளைக் காட்டுவது வேறு. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருகிற 14,75,73,95,25,89,67,64,12,927 பகா எண் இல்லை என்பதை எட்வார்ட் லூக்கா 1876-இலேயே நிரூபித்துவிட்டார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல். காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் காட்டினார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. இடையில் 27 வருடம். இன்றைக்கும் நிலைமை அதேதான். ஒரு எண் பகா எண்ணா என்று வேகமாகத் தீர்மானிக்க நிச்சயமான முறை உண்டு என்று மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002-இல் நிரூபித்தார்கள். ஆனால் காரணிகளைப் பிரிப்பதற்கு அப்படியொரு வேகமான வழி சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆர்.எஸ்.ஏ-250 என்ற 250 இலக்க எண்ணைப் பிரித்தது 2020-இல்தான், அதற்கு ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. தகவலை ரகசியமாக அனுப்பப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ மறையீடு நிற்பதே இந்தக் கஷ்டத்தின் மேல்தான்.

இனி நீங்கள்

அடுத்த எண் 98,76,54,321. இதே வரிசையில் செய்யுங்கள். 9-ஐ எடுத்ததும் 10,97,39,369 வரும், 17-ஐ ஒருமுறையோடு விட்டுவிடாதீர்கள், கடைசியில் மிஞ்சுகிற 3,79,721 பகா எண். அதை உறுதிசெய்ய 616 வரை பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுமை தேவை. காரணிகள் 18 வரவேண்டும்.

இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். 3,79,721-இலிருந்து 616², 615², 614² என்று இறங்குவரிசையில் கழித்து, மிஞ்சுவது வர்க்கமா என்று பாருங்கள். ஆறாவது முயற்சியில் 611² + 80² கிடைக்கும். எஞ்சிய 3² × 17² என்பது 51-இன் வர்க்கம், ஆகவே 611-ஐயும் 80-ஐயும் 51-ஆல் பெருக்கிவிட்டால் போதும்: 31161² + 4080² = 98,76,54,321.